தடையினால் ஆளப்படும் சுரப்பு

மூளையின் அடியில், மெல்லிய காம்பொன்றிலே தொங்குவது கபச்சுரப்பி. அளவாற் கடலைப் பருப்பை ஒத்த இச்சுரப்பியின் முற்சோணை தரும் ஓமோன்களுள் தாய்க்குப் பாலூறச் செய்வது புரோலக்ரின். 1928ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஸ்திரிக்கர், குரூற்றர் என்னும் இருவர், கபச்சுரப்பிச் சாறு முயல்களிற் பாலைச் சுரப்பிப்பதைக் கண்டனர். புறாவின் கண்டப்பையிற் குஞ்சுக்கான பாலை உண்டாக்குவதும் இவ்வோமோனே என்பதை ஒஸ்கார் றிடில் குழுவினர் 1933இல் விளக்கினர்.

கபச்சுரப்பியின் பிற ஓமோன்கள் மூளை தூண்டினாலன்றிச் செவ்வனே சுரப்பதில்லை. புரோலக்ரினின் இயல்போ இதற்கு மாறானது. 1954இல் எவரெற்று என்னும் அறிஞர் எலியின் கபச்சுரப்பியை எடுத்துச் சிறுநீரக உறையின்கீழ்ப் பதித்தார். மூளையின் தொடர்பு அற்ற அந்நிலையிலும் புரோலக்ரின் நெடுநாள் சுரந்தது. எனவே, மூளை இதற்கு இடுவது பெரும்பாலும் ஏவலன்று, தடையே என்பது புலனாயிற்று.

அத்தடையை இடும் பொருள் டோபமின். பரிவகக்கீழிலுள்ள நரம்புக் கலங்கள் அதனைக் காம்பின் நுண்குருதிக் கலன்களில் விடுகின்றன. புரோலக்ரினை ஆக்கும் கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளில் அது பொருந்தும்போது, பொற்றாசியம் வெளியேறும் வாயில்கள் திறக்கின்றன; கல்சியம் உட்புகும் வாயில்கள் அடைபடுகின்றன. கல்சியமின்றிச் சுரப்பு நிகழாது.

குழவி பால் அருந்துங்கால் முலைக்காம்பினின்று எழும் நரம்புக் கணத்தாக்கம் முண்ணாண் வழியே மூளையை அடைந்து டோபமினைக் குறைக்கிறது. தடை தளரப் புரோலக்ரின் பெருகுகிறது. கேடயச்சுரப்பியை ஊக்கும் பொருட்டுப் பரிவகக்கீழ் விடும் ஓமோனும் இச்சுரப்பைத் தூண்டவல்லது. கருப்பகாலத்தில் ஈஸ்திரசன் இக்கலங்களைப் பெருக்குகிறது. ஆயினும் அதுவும் புரோகெஸ்தரோனும் முலையிற் பால் பெருகாது தடுத்தலாற் பேற்றின் பின்னரே பால் நன்கு சுரக்கிறது. மேலும், மிகுந்த புரோலக்ரின் டோபமின் கலங்களைத் தானே தூண்டித் தன் அளவைக் குறைத்துக்கொள்ளும்.

இவ்வொழுங்கு குலைவதால் விளையும் இன்னல் சிறிதன்று. கபச்சுரப்பியிற் கட்டி தோன்றினும், காம்பு நசுங்கினும், கேடயச்சுரப்பி குன்றினும், டோபமினின் வாங்கிகளை மறிக்கும் சில மனநோய் மருந்துகளை உட்கொள்ளினும் புரோலக்ரின் மிகலாம். மிகுந்த புரோலக்ரின் இனப்பெருக்க ஓமோன்களை அடக்குகிறது. பெண்களில் மாதவிடாய் தடைப்படும், கருத்தரித்தல் அரிதாகும். ஆண்களுக்கும் இக்குறை நேரும். பிள்ளைப்பேறின்மையை ஊழென்றும், பெண்ணின் குற்றமென்றும் பழிக்கும் சமுதாயம் இவ்வுண்மையை உணர்தல் வேண்டும். எளிய குருதிச் சோதனை ஒன்றே புரோலக்ரினின் மிகையைக் காட்டிவிடும்.

டோபமினைப் போலத் தொழிற்படும் புரோமோகிரிப்ரின், கபேர்கோலின் முதலிய மருந்துகள் இழந்த தடையை மீட்டுத் தருகின்றன. அவற்றாற் கட்டிகள் பல சுருங்குதலும் உண்டு. ஆயினும் மனநோய் மருந்தால் இந்நிலை எய்தியோர், வைத்தியரின் அறிவுரையின்றி அம்மருந்தைக் கைவிடலாகாது. தூண்டுவோரைப் போலவே தடுப்போரும் உடலின் காவலரே; அக்காவல் தளரவேண்டிய காலத்துத் தளர்தலும், நிற்கவேண்டிய காலத்து நிற்றலுமே நலம்.