வார்த்தைக்கு 50 பைசா: ஃப்ரீலான்ஸ் எழுத்துல நிலைச்சு நிக்கிறது எப்படி?



"ஆபீஸ் முடிச்சு வந்து ராத்திரி ரெண்டு மணி நேரம் எழுதினா, பைக் இ.எம்.ஐ-க்காவது ஆகுமே!" இப்படி நீங்களும் யோசிச்சிருப்பீங்க. யோசனை நல்லதுதான். ஆனா 2022 நவம்பர் 30-ல சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தத் தொழிலோட கணக்கே மாறிடுச்சு. "தண்ணீர் குடிப்பதன் 10 நன்மைகள்" மாதிரி கட்டுரையை மெஷினே அரை நிமிஷத்துல எழுதிடும். அப்போ உங்களுக்கு எதுக்குக் காசு கொடுப்பாங்க? பார்க்கலாம்.

1. முதல்ல உங்க ஒரு மணி நேரத்துக்கு விலை போடுங்க

உதாரணத்துக்கு, உங்க சம்பளம் மாசம் 30,000 ரூபாய். 22 நாள், தினம் 8 மணி நேரம்னா மொத்தம் 176 மணி நேரம். அதாவது, ஒரு மணி நேரத்துக்கு சுமார் 170 ரூபாய்.

இப்போ வார்த்தைக்கு 50 பைசான்னு 1,000 வார்த்தைக் கட்டுரை ஒண்ணு எடுக்கிறீங்க. கைக்கு வர்றது 500 ரூபாய். தகவல் தேட 1 மணி நேரம், எழுத 2 மணி நேரம், திருத்தம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சேர்த்து இன்னொரு 1 மணி நேரம். ஆக, மணிக்கு 125 ரூபாய்! ஃபைவர் மாதிரி தளம் வழியா வந்த வேலைன்னா 20% கமிஷன் போய், மணிக்கு 100 ரூபாய்தான் மிஞ்சும்.

தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு, ஆபீஸ் வேலையை விடக் குறைஞ்ச கூலிக்கு உழைக்கிறீங்க. விலையைக் குறைச்சுப் போட்டி போட்டா மெஷினை ஜெயிக்கவே முடியாது.

2. உங்க வேலைதான் உங்க பலம்

கூகுள் 2022 டிசம்பர்ல தன்னோட தர மதிப்பீட்டு வழிகாட்டியில "அனுபவம்"ங்கிற அளவுகோலையும் சேர்த்தது. எழுதினவருக்கு அந்த விஷயத்துல நேரடி அனுபவம் இருக்கான்னு பார்க்கிறாங்க.

நீங்க வங்கியில லோன் டெஸ்க்ல இருக்கீங்களா? லோன் ஏன் ரிஜெக்ட் ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியும். டெஸ்டிங் வேலையா? சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு யூசர் கைடு எழுதலாம். ஆபீஸ் ரகசியத்தையும் கஸ்டமர் விவரத்தையும் மட்டும் தொடவே கூடாது.

"எல்லாம் எழுதுவேன்"னு சொல்றதை விட "இது மட்டும்தான் எழுதுவேன்"னு சொன்னா, விலை சொல்ற தைரியமும் வரும். வார்த்தைக் கணக்கை விட்டுட்டு, ஒரு வேலைக்கு இவ்வளவுன்னு பேசுங்க.

3. ஏ.ஐ-யை உதவியாளா வெச்சுக்கோங்க

தலைப்பு யோசிக்க, பிழை பார்க்கப் பயன்படுத்துங்க. ஆனா எண், தேதி, சட்டம் எதையும் சரிபார்க்காம அனுப்பாதீங்க. இல்லாததை இருக்கிற மாதிரியே சொல்லும். ஒரு தப்பான வட்டி விகிதம் போதும், அந்த க்ளையண்ட் திரும்ப வரமாட்டார்.

4. ஒரே க்ளையண்டை நம்பாதீங்க

மொத்த வருமானமும் ஒரே இடத்துல இருந்து வந்தா, அவங்க நிறுத்தின அன்னைக்கு உங்களுக்கும் நின்னுடும். குறைஞ்சது மூணு பேராவது இருக்கட்டும். புது ஆளுன்னா பாதிப் பணம் அட்வான்ஸ். எத்தனை தடவை திருத்தம், எப்போ பணம்னு மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க.

5. வரியும் ஆஃபர் லெட்டரும்

- கம்பெனி 10% டி.டி.எஸ். பிடிச்சா வரி முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. நீங்க 20% ஸ்லாப்ல இருந்தா மீதியை நீங்கதான் கட்டணும்.
- டி.டி.எஸ். போக வருஷத்துக்குக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல வந்தா அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளை காலண்டர்ல குறிச்சு வைங்க.
- ஃப்ரீலான்ஸ் தொழில் வருமானம் இருந்தா ஐ.டி.ஆர்-1 போட முடியாது.
- ஆஃபர் லெட்டர்ல வெளி வேலை பத்தி என்ன இருக்குன்னு படிங்க. 2022-ல விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததா 300 பேரை வேலையை விட்டு எடுத்தது.

வேலையை விடலாமா?

அவசரப்படாதீங்க. ஃப்ரீலான்ஸ்ல பி.எஃப். கிடையாது, குரூப் இன்ஷூரன்ஸ் கிடையாது, லீவு எடுத்தா சம்பளமும் கிடையாது. 6 மாசச் செலவுக்கான பணம் தனியா, சொந்த ஹெல்த் பாலிசி தனியா இருந்தா மட்டும் யோசிங்க.

இன்னைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்க. கடைசியா எழுதின கட்டுரைக்கு ஆன மொத்த நேரத்தையும் கூட்டி, வந்த பணத்தை வகுத்துப் பாருங்க. உங்க மணிக்கூலி எவ்வளவு வந்துச்சு? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவில பேசலாம்!