தாழ்த்திய காரின் தோள்மூட்டு

காரின் பானட்டுக்கு அடியில், இரு பக்கமும் மட்கார்டை ஒட்டி, கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு தகரக் குமிழ் இருக்கும். அதன் உச்சியில் இரண்டோ மூன்றோ நட்டுகள், நடுவில் ஒரு கறுப்பு மூடி. முன்சக்கரம் மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் விழுந்தாலும், அந்த அதிர்ச்சி பெரும்பாலும் இந்தக் குமிழின் அடியில் திருகப்பட்டிருக்கும் ஓர் உறுப்பைத் தாண்டித்தான் வண்டியின் உடலுக்கு வந்து சேரும். ஸ்ட்ரட் மவுண்ட் என்பது அதன் பெயர். உள்ளங்கை அகலத்துக்கு ரப்பரும் இரும்புத் தகடும் ஒட்டிச் செய்த பண்டம். வண்டியைத் தாழ்த்த விரும்புகிறவர்கள் ஸ்பிரிங்கைப் பற்றி நாள்கணக்கில் பேசுவார்கள். மவுண்டின் நினைவு வருவது முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று தட்டத் தொடங்கிய பிறகுதான்.

மவுண்டைத் தலையில் தாங்கும் ஸ்ட்ரட் அமைப்பு அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சனின் பெயரால் வழங்குகிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் காடெட் என்ற சிறிய ஷெவர்லே காருக்காக அவர் இதை உருவாக்கினார். அந்தக் கார் கைவிடப்பட்டது. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபர் கார்களின் முன்பக்கத்தில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருந்தது. அதுவரை வழக்கிலிருந்த ஏற்பாட்டில் சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்துக்கொள்ளும். மெக்ஃபர்சன் மேல்கையை எடுத்துவிட்டார். ஷாக் அப்சார்பரையே தூணாக நிறுத்தி, அதைச் சுற்றிச் சுருள்வில்லை மாட்டி, தூணின் தலையை நேராக உடலோடு இணைத்தார். பாகங்கள் குறைந்தன, இடம் மிச்சமானது. 1974இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் முதல் இந்தியச் சாலைகளின் மாருதி 800, ஆல்டோ, ஸ்விஃப்ட் வரை சிறிய கார்கள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். கழற்றப்பட்ட மேல்கையின் வேலையும் சேர்ந்து மவுண்டின் தலையில் விழுந்தது.

ஒரு மவுண்டை நெடுக்குவாக்கில் அறுத்துப் பார்த்தால் அதன் வேலைகள் விளங்கும். நடுவில் எஃகுக் குழல். ஷாக் அப்சார்பரின் தண்டு அதற்குள் நுழைந்து மேலே நட்டால் இறுக்கப்படும். குழலைச் சுற்றிக் கனத்த ரப்பர், எஃகோடு வெப்பத்தில் ஒட்ட வைத்தது. அதற்கு வெளியே, குமிழில் திருகும் தகடு. அடியில் ஒரு பேரிங்; ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கும் தூணும் சேர்ந்து சுழல இது வழிவிடுகிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது தூணின் சாய்வும் ஓரிரு பாகை மாறும்; அந்த ஆட்டத்தை ரப்பர் ஏற்றுக்கொள்ளும். சாலையின் பொடி அதிர்வையும் டயரின் உறுமலையும் விழுங்குவதும் அதே ரப்பர்தான். சில மவுண்டுகளில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், தூண் எல்லை வரை அமுங்கும்போது முட்டி நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ஆகிய மூன்றின் விசையும் ஒரே ரப்பரில் இறங்கும். வேறு சிலவற்றில் ஸ்பிரிங்கின் சுமை பேரிங் வழியாக வெளித்தகட்டுக்குத் தனியாகப் போய்விடும். நடு ரப்பருக்கு ஷாக் அப்சார்பரின் விசை மட்டும்தான். இரண்டாவது வகை தாழ்த்தலைக் கூடுதலாகப் பொறுக்கும்.

காரைத் தாழ்த்தச் சரியான வழி, அதற்கென்றே செய்த குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டுவது. பழைய ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குகிறவர்களும் உண்டு. சுருள்வில்லின் விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால், ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் ஏறும். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. காஸ் டார்ச்சால் சூடேற்றி ஸ்பிரிங்கைத் தளர வைப்பது இதைவிட மோசம். எஃகுக்கு ஏற்றிய பதமே அதில் போய்விடும்.

விறைப்பைக் கூட்டாமல் தாழ்த்தினால் என்ன என்ற கேள்விக்குப் பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. ஒரு டன் எடையுள்ள காரில் 600 கிலோ முன்பக்கம் என்று கொண்டால், சக்கரம், பிரேக் ஆகியவற்றின் எடை போக, ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் ஏறத்தாழ 265 கிலோவைச் சுமக்கும். ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் வேண்டும் என்றும், நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் 60 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளிக்குள் ஸ்பிரிங் உறிஞ்சக்கூடிய அதிர்ச்சியின் ஆற்றல் சுமார் 36 ஜூல். வண்டியை 40 மில்லிமீட்டர் தாழ்த்தி, விறைப்பை 26 நியூட்டனுக்கு ஏற்றினாலும், மிஞ்சுவது 20 மில்லிமீட்டர் இடைவெளி, 5 ஜூல் ஆற்றல். ஏழில் ஒரு பங்கு. தூரம் மூன்றில் ஒன்றாகக் குறையும்போது ஆற்றல் தூரத்தின் இருபடியாகச் சரிகிறது. விறைப்பில் கூட்டிய 30 சதவீதம் அதில் சிறிதளவைத்தான் ஈடுகட்டும். மீதி அதிர்ச்சியில் ஒரு பகுதியை ஷாக் அப்சார்பர் தின்னும். மற்றது பம்ப் ஸ்டாப்பில் மோதும். பல கார்களில் பம்ப் ஸ்டாப் முட்டிக்கொள்வது மவுண்டின் அடிவயிற்றில்தான். தொழிற்சாலையில் கணக்கிட்ட உயரத்தில் எப்போதாவது விழுந்த அடி, தாழ்த்திய வண்டியில் தெருவுக்கு ஒன்று என்று விழத் தொடங்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கிலேயே, பழைய ஸ்பிரிங் சுமையில் 130 மில்லிமீட்டர் அமுங்கும், புதியது 100தான் அமுங்கும். ஆகவே 40 மில்லிமீட்டர் தாழ்வதற்குப் புதிய ஸ்பிரிங் 70 மில்லிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால், பழைய நிற்கும் உயரத்திலிருந்து தூண் 80 மில்லிமீட்டர் கீழே நீளும் வண்டியில் இந்த ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு 20 மில்லிமீட்டர் விலகி நிற்கும். ஓட்டத்தில் சக்கரம் ஒரு குழியில் தொங்கி மீண்டும் ஏறும்போது, அந்த ஸ்பிரிங் மவுண்டின் பேரிங்கில் சுத்தியல் போல அறையும். தூணையும் சேர்த்துக் குட்டையாக மாற்ற வேண்டும் அல்லது பிரதான ஸ்பிரிங்கின் மேல் மெல்லிய துணை ஸ்பிரிங் ஒன்று வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இதற்காகத்தான்.

அடி வாங்கிய மவுண்ட் முதலில் ஒலியால் பேசும். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது மந்தமான தட்டல் கேட்டால், பெரும்பாலும் ரப்பர் எஃகிலிருந்து பிய்ந்திருக்கிறது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று கம்பி அதிர்ந்தால், பேரிங் இறுகி, ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு திடீரென்று விடுபடுகிறது என்று பொருள். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பத் தயங்குவதும் அதே பேரிங்கின் வேலை. இதைச் சோதிக்க ஒர்க் ஷாப்களில் கருவி எதுவும் தேடுவதில்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப, மெக்கானிக் கறுப்பு மூடியைக் கழற்றிவிட்டு நட்டின் மேல் விரலை வைத்துப் பார்ப்பார். நல்ல மவுண்டில் மெல்லிய, ஒரே சீரான அசைவு தெரியும். கெட்டது விரல் நுனியில் துள்ளும். ரப்பர் தொய்ந்த மவுண்டால் வண்டியே சில மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். புது மவுண்ட் போட்டதும் கார் உயர்ந்துவிட்டது என்று உரிமையாளர் முகம் சுளிப்பது அதனால்தான்.

மவுண்டின் மற்றொரு முகம் கோணம் சார்ந்தது. சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே சாய்வது நெகட்டிவ் கேம்பர். தூணின் தலை பின்னோக்கிச் சாய்வது காஸ்டர். திருப்பத்தில் வண்டி வெளியே சாயும்போது, நெகட்டிவ் கேம்பர் இருந்தால்தான் வெளிச்சக்கரத்தின் டயர் சாலையில் முழு அகலத்துக்குப் படியும். ஸ்ட்ரட் அமைப்பில் இந்தச் சாய்வைத் தீர்மானிக்கும் முக்கியப் புள்ளிகளில் ஒன்று மவுண்ட். தூணின் தலைக்கும் கீழ்க்கையின் வெளிமுனையிலுள்ள பால் ஜாயின்ட்டுக்கும் இடையே 600 மில்லிமீட்டர் இருந்தால், தலையை உள்ளே 10 மில்லிமீட்டர் நகர்த்தினாலே சுமார் ஒரு பாகை கேம்பர் கிடைத்துவிடும்.

பிஎம்டபிள்யூ காரர்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள். 1990இல் வந்த இ36 வரிசையின் எம்3 காரில், பிற்காலத்து மவுண்டுகளின் நடுத்துளை மையத்தை விட்டு விலகியிருக்கும். இடது மவுண்டை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டால் நெகட்டிவ் கேம்பர் கூடும்; காஸ்டரில் கொஞ்சம் இழக்க நேரும். அடுத்து வந்த இ46இல் குமிழின் துளைகளே நீளவாக்கில் வெட்டப்பட்டிருக்கின்றன. மவுண்டை ஓரிடத்தில் நிறுத்தும் சிறு ஊசியைத் தட்டி எடுத்துவிட்டால், அதை உள்ளும் புறமும் நகர்த்தலாம். காசில்லாத மேம்பாடு.

ஆனால் மவுண்டால் சரிசெய்ய முடியாதவையும் இருக்கின்றன. விளம்பரங்களில் அவை வருவதில்லை. வண்டி தாழும்போது கீழ்க்கையின் வெளிமுனை உள்முனையைவிட உயர்ந்துவிடுகிறது. இதனால் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், வண்டியின் புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையிலான நெம்புகோல் நீளும். தாழ்த்திய கார் திருப்பத்தில் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்ப்பது இதனால்தான். விறைத்த ஸ்பிரிங் அந்த உண்மையை மறைக்கிறது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டு, மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பும். இவற்றுக்கு மருந்து கீழே இருக்கிறது: நீண்ட காம்புள்ள பால் ஜாயின்ட், இடம் மாற்றிய டை ராட் முனை. மேலே என்ன விலையில் மவுண்ட் போட்டாலும் இது தீராது.

மவுண்டை மாற்றுவது என்று முடிவானால் நான்கு வழிகள் உண்டு. முதலாவது, கம்பெனி ரப்பர் மவுண்டையே புதிதாகப் போடுவது. 25, 30 மில்லிமீட்டர் தாழ்த்தலுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். இரண்டாவது, அதே குடும்பத்தின் வேகமான அல்லது கனமான மாடலுக்குச் செய்த மவுண்ட். ரப்பர் கொஞ்சம் கெட்டி, அளவு அதேதான்; அன்றாட வண்டிக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு கிடையாது. மூன்றாவது பாலியூரித்தேன். ரப்பரைவிட வெகு கடினம், எண்ணெய்க்கும் வெயிலுக்கும் அசையாது. ஆனால் தார்ச்சாலையின் கரகரப்பை உள்ளே கூட்டிக்கொண்டு வரும். நான்காவது, ரப்பரே இல்லாமல் ஒரு பந்துக்கிண்ண மூட்டில் தண்டைப் பிடிக்கும் பில்லோபால் மவுண்ட். தகட்டில் வெட்டிய பள்ளத்தில் அதை நகர்த்திக் கேம்பரை நினைத்தபடி வைக்கலாம். பந்தயக் களத்தில் இதற்கு நிகர் கிடையாது. ரப்பர் மவுண்டில் ஷாக் அப்சார்பரின் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசைவு ரப்பரை நசுக்குவதிலேயே போய்விடும். பில்லோபாலில் அந்தத் தாமதம் மறைந்து ஸ்டீயரிங் கூர்மையாகும். ஆனால் தூசியும் மழைநீரும் அந்த மூட்டின் உள்பூச்சை அரித்துவிடும். பிறகு கேட்கும் தட்டல், பிய்ந்த ரப்பரின் தட்டலைவிட உரக்கக் கேட்கும். அலுவலகத்துக்குப் போய்வரும் காரில் இதை மாட்டுவதற்கு ஆசையைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

உயர்த்திய மவுண்ட் என்றொரு வகையும் கிடைக்கிறது. அதில் தண்டைப் பிடிக்கும் இடம் வழக்கத்தைவிட 10, 15 மில்லிமீட்டர் மேலே இருக்கும். தூண் அந்த அளவு குமிழுக்குள் ஏறிக்கொள்ள, தாழ்த்தியதால் இழந்த அமுங்குதூரத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். மேலே கணக்கிட்ட காரில் 20 மில்லிமீட்டர் 35 ஆனால், ஆற்றல் 5 ஜூலிலிருந்து 16க்கு ஏறிவிடும். மற்ற எந்த மவுண்டும் தராத லாபம் இது. பானட்டின் உள்பக்கம் நட்டைத் தொடாமல் இருக்கிறதா என்பதை மட்டும், குமிழின் மேல் ஒரு களிமண் உருண்டையை வைத்து மூடித் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாலையும் சட்டமும் தாழ்த்தலுக்கு எல்லை போடுகின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். இவ்வளவு அகன்ற வளைவில் சிறிய காரின் நான்கு சக்கரங்களும் மேலேறிவிடுவதால், வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் சுமார் நாலரை சென்டிமீட்டர்தான் குறையும். தெருவாசிகள் ஒரு முழ அகலத்தில் கட்டிவைக்கும் மேட்டிலோ பத்து சென்டிமீட்டரும் குறையும். ஜெர்மனியில் உயரத்தை மாற்றும் உதிரிபாகத்துக்கு ஒப்புதல் சான்று வேண்டும். டூஃப் போன்ற அமைப்புகள் பரிசோதித்து ஏற்க வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது.

மாட்டும் வேலையில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் கடுமையானது. ஸ்பிரிங் கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் நடு நட்டைத் தொடக் கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கில் உள்ள விசை ஒரு மனிதரைக் கொல்லப் போதுமானது. பழைய நட்டை மறுபடி பயன்படுத்தாமல் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் தண்டு சுழன்று ஷாக் அப்சார்பரின் சீலைக் கெடுக்கும். பேரிங்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டு ஸ்டீயரிங் கனக்கிறது என்று திரும்பி வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலோர் விட்டுவிடும் படி ஒன்று இருக்கிறது: கீழ்க்கையின் ரப்பர் புஷ்களின் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, புதிய உயரத்தில் நிற்கும் நிலையில் மீண்டும் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையிலோ பழைய உயரத்திலோ இறுக்கிய புஷ், வண்டி நின்றிருக்கும்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட். புது ஸ்பிரிங்கும் ரப்பரும் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் அமுங்கி அடங்கும் என்பதால், அதன் பின் அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்த்து, குமிழின் நட்டுகளையும் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.