17 வயதிலேயே பெயர் கொடுக்கலாம்

இன்டர் படிக்கும் பிள்ளைக்கு 17 வயது முடிந்துவிட்டால், வாக்காளர் பட்டியலில் சேர இன்றே மனுப் போடலாம். ஆந்திராவின் கார்வேட்டிநகரம் மண்டலத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. அன்றைக்கு 18 நிரம்பியிருந்தால் பெயர் சேரும். ஜனவரி 2-ல் பிறந்தவர் ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதையொட்டி 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தேதிகள் வந்தன. 17 வயதில் முன்கூட்டியே கொடுத்த மனு, 18 நிரம்பியபின் வரும் முதல் தேதிக்கு எடுத்துக்கொள்ளப்படும். மே மாதம் பிறந்த பெண்ணுக்கு ஜூலை 1 கணக்கிலேயே பெயர் ஏறிவிடும்.

நிரப்ப வேண்டியது ஆறாம் எண் படிவம். தேர்தல் ஆணையத்தின் செயலியில் போனிலேயே நிரப்பலாம். ஒரு போட்டோ, வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ், முகவரிக்கு ஆதாரோ வங்கிப் பாஸ்புக்கோ போதும். போன் வழி வராதென்றால் ஊரின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் (பி.எல்.ஓ.) காகிதத்திலேயே கொடுக்கலாம். சந்தேகம் கேட்க 1950 என்ற எண் இருக்கிறது.

திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வரும். பெயரை ஊரில் கொடுப்பதா, அங்கே கொடுப்பதா? இரண்டில் எது வேண்டுமானாலும் அவர்கள் விருப்பம். இரண்டு இடத்திலும் இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். ஊரில் கொடுத்தால் கங்காதர நெல்லூர் தொகுதி, திருப்பதியில் கொடுத்தால் அந்தத் தொகுதி. பிறகு இடம் மாறினால் எட்டாம் எண் படிவம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஊர் விஷயத்தில் பேச நினைக்கும் பிள்ளை ஊரிலேயே பெயரை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். காரணம் பின்னால் வருகிறது.

வழி இத்தனை சுலபமாகியும் இளைஞர்கள் முழுதாக வந்து சேரவில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் பட்டியலில் இருந்த 18, 19 வயதுக்காரர்கள் சுமார் 1.8 கோடி, அந்த வயதில் இருப்பவர்களில் பாதிப் பேர்கூட இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் கம்பெனிகளின் கை தேவைப்படுகிறது. 2008-ல் டாடா டீ, பெங்களூரின் ஜனாக்ரஹா அமைப்போடு சேர்ந்து 'ஜாகோ ரே' என்ற இயக்கத்தை நடத்தி, இளைஞர்களை வாக்காளராகப் பதிவு செய்யத் தூண்டியது. 2017 ஜூலை 1-ல் தேர்தல் ஆணையத்தோடு சேர்ந்து ஃபேஸ்புக், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட 13 மொழிகளில் பதிவு நினைவூட்டல் அனுப்பியது. 2024 பிப்ரவரியில் ஆணையம் இந்திய வங்கிகள் சங்கத்தோடும் அஞ்சல் துறையோடும் ஒப்பந்தம் போட்டது. எனக்கு இதில் பிடித்தது கடைசி ஒப்பந்தம்தான். ஃபேஸ்புக் நினைவூட்டல் அதில் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டுமே வரும். தபாலாபீசுக்கு எல்லாரும் போகிறார்கள்.

ஆந்திராவில் இதைவிடப் பெரிய கூட்டு ஒன்று நடக்கிறது. வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனத்தோடு மாநில அரசு 2024 அக்டோபரில் ஒப்பந்தம் செய்தது. 2025 ஜனவரி 30-ல் 'மன மித்ரா' என்ற வாட்ஸ்அப் சேவை தொடங்கியது. முதல் கட்டத்திலேயே 161 சேவைகள். 95523 00009 என்ற எண்ணுக்கு ஒரு 'ஹாய்' அனுப்பினால் போதும்: வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கரண்ட் பில், குறை சொல்லும் வசதி எல்லாம் வரிசையாக வரும். சச்சிவாலயத்துக்கும் எம்.ஆர்.ஓ. ஆபீசுக்கும் அலைந்து கூலியை விடுகிற குடும்பத்துக்கு இது உண்மையான உதவி. வீட்டிலுள்ள இளைஞரே பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதைச் செய்துகொடுக்கலாம். ஒரே எச்சரிக்கை: வேறு எண்ணிலிருந்து இதே பெயரில் செய்தி வந்தால் தொடாதீர்கள், ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஆனால் சான்றிதழ் ஒருவரின் தனித்தேவை. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, ஏரிக்கால்வாய் தூர்ந்துகிடக்கிறது என்பவை ஊர் கூடிக் கேட்க வேண்டியவை. போனில் புகார் எண் கிடைக்கும். எந்த வேலையை முதலில் எடுப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. அந்த இடம் கிராமசபை. 2024 ஆகஸ்ட் 23-ல் ஆந்திராவின் 13,326 பஞ்சாயத்துகளிலும் ஒரே நாளில் கிராமசபைகள் கூடி, நூறு நாள் வேலைத் திட்டத்தில் எந்தெந்தப் பணிகளை எடுப்பது என்று பேசின.

கிராமசபையில் யார் உறுப்பினர்? அரசியல் சட்டத்தின் 243-வது பிரிவு இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். யாரும் நியமிக்க வேண்டியதில்லை, எந்தக் கட்சியிலும் சேர வேண்டியதில்லை. பெயரை ஊரில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதனால்தான். ஆறாம் எண் படிவத்தை ஓட்டுச் சீட்டுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதன் பாதிப் பயனை விட்டுவிடுகிறார்கள்.

கிராமசபைக்குப் போகும்போது போன் மறுபடி உதவும். தூர்ந்த கால்வாயைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். மன மித்ராவில் கொடுத்த புகாரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து நண்பர்களாகப் போய், வாயால் சொன்னதோடு விடாமல், கோரிக்கையை எழுதிக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். இப்படி 18 வயதில் கேட்கத் தொடங்குகிறவர், 21 ஆனதும் வார்டு மெம்பருக்கோ சர்பஞ்சுக்கோ தானே நிற்கலாம். இரண்டுக்கும் அதே வயதுதான்.