கடைக் கணிப்பொறியில் புளூடூத் மென்பொருள் அமைப்பது எப்படி?



ஜோலார்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பள்ளிப் படிப்போடு நின்றவன். கணிப்பொறி வல்லுநன் அல்ல. ஆயினும் நஷ்டப்பட்டுக் கற்ற பாடம் நம்மவர் சிலருக்காவது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வழங்கி வந்த பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக் கொண்டது. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. என் கடை இயந்திரமும் அப்படிப்பட்டதே. புதிது வாங்க மனமில்லாமல், பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து டெபியன் லினக்ஸ் போடச் சொன்னேன். அவர் நகல் எடுக்காமல் வட்டையே அழித்துவிட்டார். நான்கு மாதப் பற்று வரவு போயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் தாங்களாகவே தங்கள் சிட்டையைக் கொண்டுவந்து காட்டியதால்தான் கணக்கு நேரானது. அந்த நாணயத்தை மறக்க இயலாது. ஆகவே முதல் விதி: எதைத் தொடும் முன்பும் கணக்கை இரண்டு இடங்களில் நகல் எடுங்கள்.

அடுத்த தலைவலி, பில் பிரிண்டரும் பார்கோடு ஸ்கேனரும் கணிப்பொறியோடு பேச மறுத்தது. இரண்டும் புளூடூத்தில் இயங்குபவை.

அடுக்கு என்றால் என்ன?

வடக்கிலிருந்து துவரம் பருப்பு வருகிறது. வேகனில் ஏறி, கூட்ஸ் ஷெட்டில் இறங்கி, லாரியில் பிரிந்து, நம் கிடங்கு வழியாகச் சில்லறைக் கடைக்குப் போகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. நடுவில் ஒருவர் இல்லாவிட்டாலும் சரக்கு நின்றுவிடும். புளூடூத் மென்பொருளும் இப்படித்தான் அடுக்கடுக்காக அமைந்தது. அடியில் டாங்கிளிலுள்ள வானொலிச் சில்லு. அதன் மேல் அதை இயக்கும் டிரைவர். அதன் மேல் தகவலைப் பொட்டலம் கட்டிப் பிரித்தனுப்பும் 'எல்2கேப்'. அதற்கும் மேல், கம்பி இணைப்புப் போலவே நடிக்கும் 'ஆர்எஃப்காம்'. பிரிண்டருக்கு இந்த ஆர்எஃப்காம் வேண்டும். ஸ்கேனரோ பெரும்பாலும் விசைப்பலகை போல நடித்துக் கொள்ளும்.

லினக்ஸில் இந்த அடுக்கின் பெயர் புளூ-இசட். 2001-இல் குவால்காம் நிறுவனத்தில் பிறந்து, அதே ஆண்டு லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்டது. இதில் ஒரு முக்கிய விஷயம்: கீழ் அடுக்குகள் கருவுக்குள் உள்ளன, மேலிருந்து நிர்வகிக்கும் பகுதி மட்டுமே தனிப் பொதி. டாங்கிளையே இயந்திரம் அறியவில்லை என்றால் மேல் பகுதியை மீண்டும் கட்டிப் பயனில்லை. கருவைத்தான் புதுப்பிக்க வேண்டும்.

டாங்கிள் வாங்கும்போது

சி.எஸ்.ஆர். சில்லு என்று பெயர் போட்டு வரும் மலிவு டாங்கிள்களில் போலிகள் ஏராளம். அவற்றைச் சமாளிக்கவே லினக்ஸ் கருவில் தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. கலப்பட மிளகு போலத்தான், பார்வைக்குத் தெரியாது. பில்லோடு, மாற்றித் தரும் கடையில் வாங்குங்கள். அதை நீல நிற யு.எஸ்.பி. 3 துளையில் செருகினால் இரைச்சல் ஏற்படலாம். சிறு நீட்டிப்புக் கம்பியில் மாட்டி, இரும்பு ரேக்குக்கு வெளியே வையுங்கள்.

அமைக்கும் முறை

1. புளூ-இசட் பொதியை டெபியன் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

2. 'ஆர்எஃப்கில்' கட்டளையால் புளூடூத் பூட்டப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பூட்டியிருந்தால் திறந்துவிடுங்கள்.

3. 'புளூடூத்-கன்ட்ரோல்' கட்டளையில் நுழைந்து, மின்னியக்கி, தேடி, பிரிண்டரோடு ஜோடி சேர்த்து, நம்பகமானது எனக் குறியுங்கள். இரகசிய எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234.

4. பிரிண்டரை 'ஆர்எஃப்காம்' கட்டளையால் ஒரு துறையோடு கட்டுங்கள். கணிப்பொறியை அணைத்தால் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். எனவே காலையில் தானாகவே கட்டும்படி எழுதி வைக்க வேண்டும்.

நாமே கட்டுவதானால்

களஞ்சியப் பதிப்பில் பிழையிருந்தால் மட்டும் மூலத்திலிருந்து கட்டலாம். பொதியைப் பிரித்து, 'கான்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்று மூன்று படிகள். முதல் படியில் இன்னது இல்லை என்று நின்றால் கலங்க வேண்டாம். நூலகம் இருந்தும் 'டெவ்' என்று முடியும் துணைப் பொதி இல்லாததே பெரும்பாலும் காரணம். அதைச் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள். இன்னொரு பொறி: ஆர்எஃப்காம் கட்டளை இப்போது கைவிடப்பட்டவற்றின் வரிசையில் உள்ளது. 'எனேபிள் டெப்ரிகேட்டட்' என்று சொல்லாமல் கட்டினால் அது வராது, பிரிண்டர் ஊமையாகிவிடும். நான் அரை நாள் தேடியது இதைத்தான்! மேலும், நாம் கட்டியது தனி இடத்தில் அமரும். பழைய சேவையை நிறுத்தாவிட்டால் ஒரே கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளை வைத்த கதைதான்.

எச்சரிக்கை

ஜோடி சேர்த்ததும் கணிப்பொறி பிறர் கண்ணுக்குத் தென்படும் நிலையை அணைத்துவிடுங்கள். சந்தை நாளிலோ பண்டிகை வாரத்திலோ இந்த வேலையைத் தொடாதீர்கள். கம்பி வழிப் பிரிண்டர் ஒன்றைக் கையிருப்பாக வைத்திருங்கள்.

இப்போது என் பழைய இயந்திரமே பில் போடுகிறது. ஆனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் காகிதச் சிட்டையும் இருக்கிறது. அன்றாட வரவு மாலையில் அதிலும் ஏறுகிறது. உறுப்பினர்கள் அனைவரும் அவ்வாறே செய்யக் கேட்டுக் கொள்கிறேன்.