நீர் செதுக்கிய பாலை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேன்யன்லாண்ட்ஸ் என்னும் தேசியப் பூங்கா 1964-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 25 சென்டிமீட்டர் மழைகூடப் பெய்யாத பாலை நிலம் அது. ஆயினும் அதைச் செதுக்கியது நீரே. பல கோடி ஆண்டுகளாகப் படிந்து இறுகிய பாறை அடுக்குகளைக் கொலராடோ, கிரீன் ஆகிய ஆறுகள் அறுத்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை உருவாக்கின.

இவ்விரு ஆறுகளும் பூங்காவின் நடுவே கூடி, நிலத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. வடக்கே, சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்து நிற்கும் மேட்டுநிலம் 'வானத்துத் தீவு' எனப்படுகிறது. புகழ்பெற்ற மேசா பாறை வளைவு இங்குதான் உள்ளது. தென்கிழக்கே, செம்மையும் வெண்மையும் மாறி மாறிப் படிந்த கூர்ம்பாறைகள் நிறைந்த 'ஊசிகள்' பகுதி. மேற்கே, வழி அறிந்தோரையும் திகைக்கவைக்கும் 'மேஸ்' எனும் புதிர்நிலம். பூங்காவினுள் ஆறுகளுக்குக் குறுக்கே பாலம் எதுவும் இல்லை. எதிரே தெரியும் பகுதிக்குச் செல்லப் பல மணி நேரம் சுற்றிவர வேண்டும். மேஸ் பகுதியின் காவல் நிலையத்தை அடையவே 70 கிலோமீட்டருக்கு மேல் மண்சாலையில் செல்ல வேண்டும்.

சற்றுத் தொலைவில் தனியே அமைந்த ஹார்ஸ்ஷூ பள்ளத்தாக்கில் தொல்குடியினர் தீட்டிய ஆளுயரப் பாறை ஓவியங்கள் உள்ளன. அதனருகே புளூஜான் என்னும் குறுகிய பள்ளத்தாக்கில், 2003 ஏப்ரலில் ஏரன் ரால்ஸ்டன் என்ற மலையேற்ற வீரரின் வலக்கை பாறையில் சிக்கியது. செல்லும் இடத்தை அவர் எவரிடமும் கூறியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் காத்திருந்து, இறுதியில் தம் கையைத் தாமே துண்டித்து உயிர் தப்பினார். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' திரைப்படம் இந்நிகழ்வைக் கூறுவதே.

இத்தகைய தொலைநிலங்களுக்குச் செல்வோர் குடிநீரையும் எரிபொருளையும் தேவைக்கு மேலாகவே கொண்டு செல்ல வேண்டும். பயண வழியையும் திரும்பும் நாளையும் எழுதி வீட்டில் கொடுத்துச் செல்லுதல் நன்று. பயணக் காப்பீட்டு ஆவணத்தில் மலையேற்றமும் ஹெலிகாப்டர் மீட்புச் செலவும் அடங்குமா என்பதைப் புறப்படுமுன் படித்தறிதல் வேண்டும். காப்பீட்டு எண்ணும் நாமினி விவரமும் குடும்பத்தார் அறிந்தவையாக இருக்கட்டும்.