துலிப் ரகத்துக்கு எத்தனை தேர்வுகள்!

கொய்மலருக்காகத் துலிப் வளர்க்கும் நெதர்லாந்து விவசாயி, பூவின் நிறத்தை மட்டும் பார்த்து ரகத்தை முடிவு செய்வதில்லை. குறித்த வாரத்தில் பூக்குமா? தண்டு நிமிர்ந்து நிற்குமா? ஜாடியில் வைத்த பிறகும் வடிவம் மாறாமல் இருக்குமா? இந்தக் கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் கிழங்குக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன.

ஜூன், ஜூலையில் தோண்டியெடுக்கும் கிழங்கில் அடுத்த பூ இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. மண்ணோ தண்ணீரோ இல்லாமல், சுமார் 20 டிகிரி வெப்பத்தில் கிடங்கில் கிடக்கும்போதுதான் பூ உள்ளே வளர்கிறது. ஒரு கிழங்கைப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தால், 6 இதழ்களும் 6 மகரந்தத் தாள்களும் வரிசை கட்டியிருக்கும். நடுவில் முப்பட்டைச் சூலகமும் தெரிந்துவிட்டால் பூ முழுமை பெற்றுவிட்டது. இதற்கு ‘ஜி நிலை’ என்று பெயர். அதற்கு முன்பே குளிரில் வைத்தால் பூ பழுதாகிவிடும்.

அடுத்தது குளிர். காட்டுத் துலிப்களின் தாயகம் தியான் ஷான், பாமிர் போன்ற மத்திய ஆசிய மலைகள். நீண்ட பனிக்காலத்தைக் கடந்தால்தான் அவற்றின் தண்டு நன்றாக நீளும். அந்தப் பனிக்காலத்தைக் குளிரறைக்குள் உண்டாக்குகிறார்கள். 5 முதல் 9 டிகிரி வரை, அதாவது நம் வீட்டு ஃபிரிட்ஜின் குளிரில், ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 14 முதல் 20 வாரம் கிழங்குகள் இருக்கும். அதற்குள் சேமிப்பு மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். பிறகு பசுமைக்குடிலுக்குள் வந்ததும் மூன்று, நான்கு வாரங்களில் பூ அறுவடைக்குத் தயார். குளிர் போதாவிட்டால் தண்டு குட்டையாகும், மொட்டும் கருகலாம். அதனால், குறைந்த வாரங்களே கேட்கும் ரகங்கள் கிறிஸ்துமஸ் சந்தைக்கும், அதிகம் கேட்பவை வசந்தகாலச் சந்தைக்கும் ஒதுக்கப்படுகின்றன.

வேகமான இந்த வளர்ச்சியில் ஓர் ஆபத்தும் உண்டு. செல்சுவர்களுக்கு உறுதி தரும் கால்சியம், இலைகள் நீரை ஆவியாக்கும்போது அந்த நீரோட்டத்தோடுதான் மேலேறுகிறது. குடிலில் ஈரப்பதம் மிகுந்தால் ஓட்டம் மந்தமாகும். கால்சியம் எட்டாத இடத்தில் தண்டு நீர்கோத்து, மடிந்து விழும். சில ரகங்கள் எளிதில் விழும், சில தாங்கும். விவசாயி தேடுவது தாங்கும் ரகத்தை.

அறுத்த பிறகும் துலிப் வளர்வதை நிறுத்தாது! ஜாடிக்குள்ளேயே தண்டு பல சென்டிமீட்டர் நீண்டு, வெளிச்சத்தை நோக்கி வளையும். இந்தப் பின்வளர்ச்சி குறைந்த ரகமே கட்டிய பூங்கொத்தின் வடிவத்தைக் காப்பாற்றும்.

நோய் எதிர்ப்பும் முக்கியம். ஃபுசேரியம் என்ற பூஞ்சை தாக்கிய கிழங்கு எத்திலீன் வாயுவை வெளியிடும். அது அதே கிடங்கில் இருக்கும் நல்ல கிழங்குகளின் மொட்டுகளையும் உள்ளேயே கருக்கிவிடும்.

இத்தனையிலும் தேறி வந்த ரகங்களில் ஒன்று ‘ஸ்ட்ராங் கோல்ட்’. ‘டிரயம்ஃப்’ வகையைச் சேர்ந்த இந்த மஞ்சள் துலிப், நெதர்லாந்துக் கொய்மலர்ச் சந்தையில் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது.

இப்படியொரு ரகத்தை அவசரப்பட்டு உருவாக்க முடியாது. விதையிலிருந்து முதல் பூ வரவே ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகலாம். அதன்பின் ஒரு கிழங்கு ஆண்டுதோறும் இரண்டாகப் பெருகினால், 20 ஆண்டுகளில்தான் பத்து லட்சத்தைத் தாண்டும். நம்பகமான ஒரு துலிப் ரகம், ஒரு தலைமுறையின் பொறுமைக்குக் கிடைத்த விளைச்சல்.