பழைய மோட்டார் சைக்கிளும் அதன் புகைக்குழாயும்

எமது நாட்டின் வீதிகளில் இருபது, முப்பது ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிள்கள் இன்றும் தளராது ஓடிக்கொண்டிருக்கின்றன. ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 125, சி 70, சாலி என்று பெயர் சொன்னாலே போதும். அவற்றில் ஏறிப் பாடசாலைக்கும் சந்தைக்கும் போன நினைவு எம்மில் பலருக்கு உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதியதை வாங்க வழியற்றவர்கள் பழையதையே பழுது பார்த்தனர். வழி திறந்த பின்னரும் விலை பலருக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே பழைய வண்டியைப் பேணுவது பலருக்குப் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

இத்தகைய வண்டிகளில் முதலில் உக்கிப் போகும் பாகங்களுள் ஒன்று புகைக்குழாய், அதாவது நாம் சைலன்சர் என்று அழைப்பது. அதனை மாற்ற நேரும் வேளையிலேயே, இளைஞர் ஒருவராயின், "சத்தம் கூடிய குழாய் ஒன்றைப் போட்டால் இழுவையும் கூடும்" என்ற ஆசை வார்த்தையும் காதில் விழுகிறது. இந்தக் கூற்றில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது என எண்ணுகிறோம்.

புகைக்குழாய் என்பது புகையை வெளியே கொண்டு செல்லும் வெறும் குழாய் அன்று. நிமிடத்துக்கு 6000 தடவை சுழலும் ஒற்றைச் சிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சினில், விநாடிக்கு 50 தடவை வெளியேற்று வால்வு திறக்கிறது. ஒவ்வொரு தடவையும் சூடான வாயு ஓர் அடியைப் போலக் குழாய்க்குள் பாய்கிறது. அந்த அழுத்த அலை குழாயின் முடிவை அல்லது அகன்ற பகுதியை அடைந்ததும், அங்கிருந்து உறிஞ்சும் அலையாக மாறி எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. அது சரியான கணத்தில் வால்வை வந்தடைந்தால் எஞ்சிய புகையை இழுத்தெடுத்து, புதிய கலவை உள்ளே வரவும் உதவும். பிழையான கணத்தில் வந்தால் எதிர்மாறான விளைவே ஏற்படும். குழாயின் நீளமும் விட்டமும் இந்தக் கணக்கின்படியே தீர்மானிக்கப்படுகின்றன. எஞ்சினுக்குப் புகையின் எதிரழுத்தம் கட்டாயம் தேவை என்று சில கராஜ்களில் சொல்லப்படுவது சரியன்று; தேவைப்படுவது வாயுவின் வேகமும் அலையின் ஒழுங்குமே. அகன்ற குழாய் ஒன்றைப் பொருத்தியவுடன் குறைந்த வேகத்தில் வண்டி சோர்ந்து போவதற்குக் காரணம் இதுவே.

இரண்டு வீச்சு எஞ்சின்களில் இந்த அலையின் பங்கு இன்னும் பெரிது. அதற்கு வால்வுகள் இல்லை; சிலிண்டரின் சுவரில் துவாரங்களே உள்ளன. புகை வெளியேறும் துவாரம் திறந்திருக்கையிலேயே புதிய கலவையும் உள்ளே வருவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடும். கிழக்கு ஜேர்மனியின் சோபாவ் நகரில் எம்.இசட். நிறுவனத்தின் பந்தயப் பிரிவை நடத்திய வால்டர் காடன் என்ற பொறியியலாளர், 1950 களில் இதற்கான தீர்வைச் செம்மைப்படுத்தினார். நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கும் குழாய் அது. விரியும் பகுதி புகையை உறிஞ்சுகிறது. ஒடுங்கும் பகுதி அழுத்த அலையைத் திருப்பியனுப்பி, தப்பியோட முயன்ற கலவையை மீண்டும் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. இதன் பயனாக 1961 இல் அவரது 125 சிசி எஞ்சின் 25 குதிரைவலுவை எட்டியது. அக்காலத்தில் அது வியப்புக்குரிய அளவு. அதே ஆண்டு எம்.இசட். அணியின் ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தோடு மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்றார். அவரோடு அந்த நுட்பமும் சுசுகி நிறுவனத்தைச் சென்றடைந்தது. 1962 இல் 50 சிசி உலகச் சம்பியன் பட்டத்தைச் சுசுகிக்காக வென்றவர் அவரே. ஒரு குழாயின் வடிவத்துக்காக ஓர் அரசியல் எல்லையே தாண்டப்பட்டது என்றால், அந்த வடிவத்தை வாளால் அறுத்து எறிவோர் எதனை இழக்கிறார்கள் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

நான்கு வீச்சு 90 சிசி வண்டிக்கு வருவோம். அது தருவது ஏழு, எட்டுக் குதிரைவலு. குழாயை மாற்றி ஐந்து வீதம் கூடியது என்றே வைத்துக் கொண்டாலும், கிடைப்பது அரைக் குதிரைவலுவுக்கும் குறைவு. பின்னால் ஏறும் ஒருவரின் எடையில் அது காணாமற் போய்விடும். ஆனால் சத்தம் பன்மடங்காகக் கூடிவிடுவதால், வேகமும் கூடிவிட்டதாக மனம் நம்புகிறது. செவி ஏமாற்றுவதைப் போல வேறெதுவும் ஏமாற்றுவதில்லை.

எமது சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கு கூறலாம். எம்மிடமிருந்த பழைய 90 சிசி வண்டியின் சைலன்சர் உக்கித் துளை விழுந்தபோது, ஒரு கராஜில் உட்தகடுகள் எதுவுமற்ற வெற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்தித் தந்தார்கள். இரண்டு வாரங்கள் மகிழ்ச்சியாகவே ஓடினோம். பின்னர் மேட்டில் இழுவை குறைந்தது. வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் வெடிச் சத்தம் எழுந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், தவிட்டு நிறத்தில் இருக்க வேண்டிய அதன் நுனி சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. தடையின்றிப் புகை வெளியேறியதால் கூடுதலான காற்று உள்ளே வந்தது. காபரேட்டரின் ஜெட்டோ பழைய அளவிலேயே இருந்தது. கலவையில் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடேறத் தொடங்கியதன் அறிகுறியே அது. இன்னும் சில மாதங்கள் அப்படியே ஓடியிருந்தால் வால்வு கருகியிருக்கும், அல்லது பிஸ்டன் பழுதாகியிருக்கும். குழாயை மாற்றுபவர் காபரேட்டரையும் பிளக்கையும் பார்க்காமல் விட்டால் வேலை பாதியிலேயே நிற்கிறது என்பதை அன்று கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை, இரண்டாம் முறை வாங்கிய குழாயின் விலை.

துளை ஏன் விழுகிறது என்பதும் அறியத்தக்கது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக உருவாகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்கு சூடேறுவதால் அந்த ஆவி வெளியேறிவிடும். கடைக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் என அரை மைல் ஓடி நிறுத்தப்படும் வண்டியில் அது குழாயின் அடியிலேயே நீராகத் தேங்குகிறது. இரும்பு உள்ளிருந்தே அரிக்கப்பட, வெளியே மினுங்கும் குரோமியப் பூச்சு எதனையும் காட்டிக்கொடுப்பதில்லை. கடற்கரையோர ஊர்களின் உப்புக் காற்று வெளிப்புறத்தில் தன் பங்கைச் செய்கிறது. சில சைலன்சர்களின் அடியில் காணப்படும் சிறிய துவாரம் இந்த நீர் வடிவதற்காகவே வைக்கப்பட்டது. அதனைப் பழுது என எண்ணி அடைத்துவிடக் கூடாது.

1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ் வடபகுதியில் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்திருக்க மாட்டோம். சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அன்றைய வழக்கம். சரியாக எரியாத அந்த எரிபொருளின் கரி உட்தகடுகளை அடைத்துக் கொள்ள, வண்டி மூச்சுத் திணறும். கரி அடைத்த சைலன்சர் இப்போதும் உண்டு, குறிப்பாக இரண்டு வீச்சு வண்டிகளில். எஞ்சின் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன்னர் புகை தடையின்றி வெளிவருகிறதா என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, சத்தத்தைப் பற்றி. வண்டி ஓட்டுபவருக்கு அது ஒரு மகிழ்ச்சியாக இருக்கலாம். ஆனால் வீதியோரத்து வைத்தியசாலையில் படுத்திருப்பவருக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், தொழுகையிலோ பூசையிலோ நிற்பவருக்கும் அவ்வாறன்று. திடீரென எழும் வெடியோசைக்கு இன்றும் நெஞ்சு பதறும் மனிதர்கள் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பேர் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ஒலியை அளக்கும் டெசிபல் அளவு சாதாரணக் கணக்கில் ஏறுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது. 2007 நவம்பரில் ஒலிபெருக்கிகள் தொடர்பாக வழங்கிய தீர்ப்பில், விரும்பாத ஒருவரைக் கட்டாயமாகக் கேட்க வைத்தல் ஆகாது என்ற கருத்தை எமது உயர் நீதிமன்றம் முன்வைத்தது. அத்தீர்ப்பு புகைக்குழாய்களைப் பற்றியது அன்று. எனினும் அந்த நியாயம் இங்கும் பொருந்தாமற் போகாது. சத்தம் கேட்டு மற்றைய சாரதிகள் விலகுவார்கள், ஆகவே அது பாதுகாப்பு என்று வாதிடுவோரும் உள்ளனர். குழாயின் வாய் பின்னோக்கியே இருப்பதால், எதிரே வருபவருக்கு அந்த ஓசை போதிய அளவு முன்கூட்டியே கேட்பதில்லை.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தோடு பொலிஸார் மேற்கொண்ட விசேட நடவடிக்கையில், மாற்றியமைக்கப்பட்ட சைலன்சர்களும் கழற்றப்பட்டன. அதைவிட, 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனையும் உள்ளது. அதன் சான்றிதழின்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற இயலாது. இணைப்பில் கசிவுள்ள குழாயோடு சென்றால் அளவீடே பிழைத்துப் போகலாம்.

மாற்றுவதென்று முடிவு செய்த பின் கவனிக்க வேண்டியவை சில. எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. அதில் குழாயைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளோ 6 மில்லி மீற்றர் அளவான மெல்லிய உருக்குத் துண்டுகள். ஆண்டுக்கணக்கில் துருவேறிய நட்டைப் பலங்கொண்டு திருகினால் ஸ்டட் முறிந்து உள்ளேயே தங்கிவிடும். பின்னர் கடைசல் பட்டறைக்குத்தான் போக வேண்டும். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெயிட்டு ஊற விட்டு, சிறிது முன்னும் சிறிது பின்னுமாகத் திருகிக் கழற்றுவதே முறை. பழைய கஸ்கட்டை மீண்டும் போடக் கூடாது. மிகப் பழைய கஸ்கட்டுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசு கிளப்புவதும் ஆகாது. நனைத்து எடுக்க வேண்டும். புதிய குழாயை எல்லா இடங்களிலும் தளர்வாகப் பொருத்தி, முதலில் எஞ்சின் பக்க நட்டுகளை மாறி மாறி இறுக்கி, கடைசியிலேயே பின்பக்கத் தாங்கியின் போல்ட்டை இறுக்க வேண்டும். தாங்கியை முதலில் இறுக்கினால் குழாய் எப்போதும் இழுபட்டே நிற்கும். சில மாதங்களில் ஒட்டு வெடிக்கும். எஞ்சின் சூடேறி ஆறிய பின் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளை மூடிய அறைக்குள் செய்யக் கூடாது. அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பலரும் மறப்பது வெப்பத் தகடு. பழைய குழாயோடு வரும் அந்தச் சிறிய தகட்டைப் பட்டறைகளில் செய்யப்படும் குழாய்களில் பெரும்பாலும் காண முடிவதில்லை. பின்னால் இருக்கும் பிள்ளை வலப்பக்கமாக இறங்கும்போது கெண்டைக்கால் குழாயில் பட்டுக் கொப்பளிப்பது எமது வீடுகளில் புதிதல்ல. அவ்வாறு சுட்டுவிட்டால் பற்பசையோ எண்ணெயோ பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடங்கள் பிடிக்க வேண்டும். காயம் பெரிதாயின் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தகடு ஒன்றைச் செய்து பொருத்துவதற்கு ஆகும் செலவு அற்பமே.

உரிய நிறுவனக் குழாய் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காதவிடத்து, உட்தகடுகளோடு அதே நீளத்தில், அதே விட்டத்தில் செய்து தரக்கூடிய கைவினைஞர்கள் எமது ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு மாதிரி. ஆகவே கழற்றிய பழைய குழாய் எவ்வளவு உக்கியிருந்தாலும், புதியது பொருந்தி ஓடும் வரையில் அதனைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம்.